குற்றமும் வர்க்கமும்: இரு திரைப்படங்களில் சிறார்

இளஞ்சிறார் குற்றத்தைப் பேசும் படைப்புகளில் குற்றம் செய்தவர் யார் என்பதைவிட, யாருடைய செயல் குற்றமெனப் பெயர் பெறுகிறது என்னும் வினாவே முதன்மையானது. இவ்வினாவை முன்னிறுத்தி, ஸ்பானிய மொழிப் படமான ‘லோஸ் ஓல்விதாதோஸ்’ (மறக்கப்பட்டவர்கள், 1950), தமிழ்ப் படமான ‘காக்கா முட்டை’ (2015) ஆகியவற்றை இக்கட்டுரை ஒப்பிட முற்படுகிறது.

ஸ்பெயினில் பிறந்த லூயி புனுவல் மெக்சிகோ நகரத்தின் வறிய சிறாரைத் தம் படத்திற்குப் பொருளாக்கினார். சீர்திருத்தப் பள்ளியின் தலைவர் பெத்ரோ என்னும் சிறுவனை நம்பி, 50 பெசோ கொடுத்து வெளியே அனுப்புகிறார். வாயிலைக் கடந்ததும் ஹைபோ அப்பணத்தைப் பறித்துக்கொள்கிறான். தனிமனித நல்லெண்ணம் தெருவின் விதிக்குமுன் தோற்கிறது. இறுதியில் பெத்ரோவின் உடல் குப்பைமேட்டில் எறியப்படுகிறது.

மணிகண்டன் இயக்கிய ‘காக்கா முட்டை’யில் சென்னைச் சேரிச் சிறுவர் இருவர் தொடர்வண்டிப் பாதையில் சிதறிய நிலக்கரியைப் பொறுக்கி விற்றுப் பணம் சேர்க்கின்றனர். அவர்கள் முட்டை எடுத்த மரம் வெட்டப்பட்ட நிலத்திலேயே பீட்சாக் கடை எழுகிறது. பணத்துடன் செல்பவர்களை உடை தடுக்கிறது. புத்தாடையுடன் செல்பவர்களுக்கு அறை கிடைக்கிறது. பெத்ரோவிடமிருந்து பணம் பறிக்கப்பட்டது. இவர்களிடமோ பணம் இருந்தும் செல்லவில்லை. வர்க்கம் என்பது பொருளின்மை மட்டுமன்று என்பதை இக்காட்சிகள் நிறுவுகின்றன.

எனினும் முடிவில் இரு படங்களும் வேறுபடுகின்றன. பாட்டி சுட்ட தோசையே சுவையானது எனச் சிறுவர் உணர்வதோடு தமிழ்ப்படம் நிறைவடைகிறது. இம்முடிவு சிறாரின் தன்மதிப்பைக் காக்கிறது என்பது உண்மை. ஆயின், கிட்டாத பொருள் சுவையற்றது என்னும் ஆறுதல் அடைக்கப்பட்ட கதவைப் பற்றிய வினாவையும் மெல்லத் தணித்துவிடுகிறது. புனுவல் அத்தகைய ஆறுதலைத் தர மறுக்கிறார்.

தேவிகுளம் தோட்டப் பகுதியிலிருந்து நோக்குவோர்க்கு இவ்வேறுபாடு வெறும் அழகியல் சிக்கலன்று. இங்கு லயத்து வீடு தோட்ட வேலையோடு பிணைந்தது. வேலை முடிந்தால் வீடும் போகும். படித்தும் கொழுந்துக் கூடைக்கே திரும்ப நேரும் இளைஞனின் சினத்தை ஒழுக்கக்கேடு என்று பெயரிடுவது எளிது. அப்பெயரைச் சூட்டுவதற்குமுன் அவன்முன் அடைபட்ட கதவு எது என வினவுவதே திறனாய்வின் கடமை எனலாம்.