பந்தய வண்டியின் பக்குவம்

அறந்தாங்கி, திருமயம் வட்டாரங்களில் கோயில் திருவிழாவையொட்டி நடக்கும் மாட்டுவண்டி எல்கைப் பந்தயத்தில் ஜனங்கள் மாடுகளின் லட்சணத்தைப் பேசுவார்கள், சாரதியின் சாமர்த்தியத்தைப் பேசுவார்கள். ஆனால் பெரிய மாடுகளின் பின்னே போய்வர 8 மைல் உருண்டு மீளும் அந்தச் சின்னஞ்சிறு வண்டியைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை என்பது எனக்கு நெடுநாளைய மனக்குறை. பழைய வண்டியொன்றைப் பந்தயத்துக்குத் தயார் செய்யும் தச்சாசாரியின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் அதன் அருமை புலப்படும். ஆரக்கால் ஒவ்வொன்றையும் கொட்டாப்புளியால் இலேசாகத் தட்டி, கணீரென்ற நாதம் எழுகிறதா, தளர்ந்த மரத்தின் மந்தமான சப்தம் கேட்கிறதா என்று அவர் செவியாலேயே சோதிக்கிறார்.

இரும்புப் பட்டாவை வறட்டி நெருப்பில் காய்ச்சி, வட்டையின்மேல் பொருத்தி, உடனே தண்ணீர் வார்க்கும்போது, ஆவி சீறியெழ, இரும்பு சுருங்கி, மரத்தின் மூட்டுகளெல்லாம் நெறுநெறுவென்று இறுகுகிற ஓசை இருக்கிறதே, அது கேட்கக் கேட்கத் தெவிட்டாதது. பாரம் முன்னே சாய்ந்தால் மாட்டின் கழுத்து நோகும். பின்னே சாய்ந்தால் நுகத்தடி மேலே தூக்கும். ஆகவே அச்சின்மேல் சட்டத்தை விரற்கடை விரற்கடையாக நகர்த்திச் சமநிலை காண்பதில் ஒரு முழுப் பகல் கழிந்தாலும் அவர் முகத்தில் சலிப்பில்லை. வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த மையைச் சக்கரத்தின் குடத்துக்குள் தடவி, கடையாணிக்கு விடவேண்டிய இடைவெளியைக் கடைசியாகப் பார்க்கிறார். அது கூடினால் சக்கரம் தள்ளாடும், குறைந்தால் உருளாமல் பிடிக்கும். எல்கையில் வண்டி வேகம் குறையாமல் திரும்புவதற்கு, சாரதியின் லாகவத்தோடு இந்தச் சிறு கணக்குக்கும் பெரும் பங்குண்டு என்பது என் அபிப்பிராயம்.