உணவுப் பேணியும் புத்தக அலுமாரியும்: ‘நான், டானியல் பிளேக்’ பற்றி ஒரு விமர்சன நோக்கு

கென் லோச் நெறிப்படுத்திய ‘நான், டானியல் பிளேக்’ என்னும் திரைப்படம் 2016ஆம் ஆண்டில் கான் திரைப்பட விழாவின் தங்கப்பனை விருதினைப் பெற்றது. அவ்வாண்டிலேயே அதன் பெயர் பிரித்தானியப் பாராளுமன்றத்திலும் ஒலித்தது. எதிர்க்கட்சித் தலைவராயிருந்த ஜெரமி கோர்பின் அதனைப் பார்க்குமாறு பிரதமர் தெரேசா மேயிடம் கூறினார். 2010 முதல் 2016 வரை சமூகநலக் கொடுப்பனவுகளுக்குப் பொறுப்பான அமைச்சராயிருந்த இயன் டங்கன் சிமித்தோ, நேரக்கூடிய கொடுமைகள் அனைத்தையும் திரட்டிக் காட்டும் படம் என அதனைக் குறைகூறினார். ஒரு படைப்பு இவ்வாறு கட்சிகளின் கையில் அகப்பட்டுவிட்டால் அதனைக் கலையாக நோக்குவோர் அருகிவிடுகின்றனர். ஆதரிப்போர் அதன் குறைகளைப் பேசத் தயங்குவர். எதிர்ப்போர் அதன் நிறைகளைக் காண மறுப்பர்.

டானியல், நியூகாசில் நகரத்து மரவேலைத் தொழிலாளி, வயது 59. மாரடைப்புற்ற அவன் வேலைக்குச் செல்லலாகாது என்பது மருத்துவர் முடிவு. ஆனால் கொடுப்பனவுக்காக அவனை மதிப்பிடும் பெண்மணியோ, எவ்வளவு தூரம் நடக்க முடியும், கையைத் தலைவரை உயர்த்த முடியுமா என்ற வினாப்பட்டியலை ஒப்புவிக்கிறார். திரை இருண்டிருக்கக் குரல்கள் மட்டும் கேட்கின்றன. தன் கோளாறு இதயத்தில் என்று அவன் சொல்லச் சொல்ல, வினாக்கள் இதயத்தைத் தவிர்த்து ஏனைய உறுப்புகளையெல்லாம் சுற்றி வருகின்றன. வேண்டிய புள்ளிகள் 15. அவனுக்குக் கிடைத்தவை 12.

இங்குதான் திரைக்கதையாசிரியர் போல் லவர்ட்டியின் வலிமை புலப்படுகின்றது. அவர் எந்தத் தனிமனிதனையும் வில்லனாக்கவில்லை. விதிகளை நிரல்பட நடக்கவிடுகிறார், அவ்வளவே. இவ்வேலைத்திறன் மதிப்பீட்டினை 2008இல் கொண்டுவந்தது தொழிற்கட்சி அரசாங்கம் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. 2013இல் கூட்டரசாங்கம் மற்றுமொரு படியைச் சேர்த்தது. மேன்முறையீடு செய்வதற்கு முன், மறுத்த திணைக்களத்திடமே மறுபரிசீலனை கோருதல் வேண்டும். அந்த இடைக்காலத்தில் நோயாளருக்குரிய கொடுப்பனவு இல்லை. எனவே வேலை செய்ய இயலாத டானியல், வேலை தேடுவோனாகப் பதிந்துகொள்ள நேர்கிறது. கைப்பட எழுதிய விபரக் கோவையுடன் அவன் தெருத்தெருவாக அலைகிறான். உண்மையாகவே ஒருவர் வேலை தர முன்வருகையில், அதனை ஏற்க முடியாமல் நாணி நிற்கிறான். உழைக்க விரும்பாதவன் என்று அவர் ஏசுகிறார். வாழ்நாள் முழுவதும் உழைத்தவனுக்கு இதனினும் பெரிய இழிவு உண்டோ? படத்தின் ஆகச் சிறந்த நாடகத் தருணம் இதுவே என்பேன். டங்கன் சிமித்தின் குற்றச்சாட்டுக்கும் இதுவே விடை. டானியலை வதைப்பது விதிவிலக்கன்று, விதி. அக்கொடுப்பனவைப் பொறுத்தவரை மறுபரிசீலனையைக் கட்டாயமாக்கியது சட்டத்துக்கு முரணானது என 2020இல் இலண்டன் உயர் நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

கேற்றியின் கதைக்கு வரும்போது இவ்வுறுதி தளர்கிறது. இலண்டனில் வீடு கிடையாது, இரு குழந்தைகளுடன் நியூகாசிலுக்கு அனுப்பப்பட்ட தாய் அவள். அலுவலகத்துக்குச் சற்றுப் பிந்தி வந்தமைக்காக அவளது கொடுப்பனவு நிறுத்தப்படுகிறது. உணவு வங்கியில் பசி தாங்காது பேணியைத் திறந்து அவள் அள்ளி உண்ணும் காட்சியைப் பார்த்தோர் எளிதில் மறவார். ஆயின் அதன்பின் அவள் கடையில் திருடி அகப்படுவதும், உடலை விற்கத் துணிவதும் நாம் பழைய நாவல்களில் பலமுறை கண்ட வழி. ஏழைப் பெண்ணின் வீழ்ச்சியைக் காட்டக் கலைஞர்களுக்கு வேறு பாதை ஏன் தோன்றுவதில்லை?

வேறு பாதை படத்துக்குள்ளேயே இருந்தது. கேற்றி, திறந்த பல்கலைக்கழகத்தில் படிப்பைத் தொடர எண்ணி நூல்களுடன் வருபவள். டானியல் அவளுக்காக ஒரு புத்தக அலுமாரி செய்கிறான். 1942ஆம் ஆண்டின் பெவரிஜ் அறிக்கை எதிர்த்துப் போரிடவேண்டிய ஐந்து அரக்கர்களாக வறுமை, நோய், அறியாமை, சுகாதாரக்கேடு, தொழிலின்மை ஆகியவற்றைக் குறித்தது. கல்வியும் கொடுப்பனவும் ஒரே போரின் இரு முனைகள் என்ற அக்கருத்தின் தொடர்ச்சியாகவே 1969இல் நிறுவப்பட்ட திறந்த பல்கலைக்கழகத்தையும் கொள்ளலாம். 2012இல் இங்கிலாந்தில் கற்பித்தலுக்கான அரச மானியம் பெருமளவு வெட்டப்பட்டு, ஆண்டுக் கட்டண உச்சவரம்பு 9,000 பவுணாக உயர்ந்தது. திறந்த பல்கலைக்கழகமும் தன் கட்டணத்தைப் பெரிதும் உயர்த்த நேர்ந்தது. 2010க்கும் 2015க்கும் இடையில் புதிதாகச் சேரும் பகுதிநேர மாணவர் தொகை ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது. கட்டண உயர்வை எதிர்த்து 2010இல் இளம் மாணவர்கள் இலண்டன் வீதிகளில் திரண்டனர். குடும்பச் சுமையோடு படித்தவர்களோ ஓசையின்றி விலகினர். கேற்றி அவர்களுள் ஒருத்தி.

கொடுப்பனவை வெட்டிய அதே அரசாங்கம் கல்வி மானியத்தையும் வெட்டியது என்ற உண்மை அவ்வலுமாரியில் வந்து பொருந்தியிருக்க வேண்டும். லவர்ட்டியோ அதனை அன்பின் சின்னமாக மட்டும் பயன்படுத்தி விட்டுவிடுகிறார். பசியைக் காட்டக் கண்டெடுத்த உண்மைக் காட்சியைப் போன்றதொன்றை, கைவிடப்பட்ட படிப்புக்கு அவர் தேடவில்லை. பசி கண்ணுக்குத் தெரியும், கல்வியிழப்புத் தெரியாது என்பது உண்மையே. தெரியாததைத் தெரியவைப்பதன்றோ கலைஞன் பணி?

இறுதியில், டானியல் எழுதிவைத்த கூற்றினைக் கேற்றி மரணச் சடங்கில் வாசிப்பது நாம் ஏற்கெனவே கண்டதன் மறுகூற்று. அதனிலும் பொருள் பொதிந்தது, படத்தில் சில நொடிகளே வந்துபோகும் வேறொரு நிகழ்ச்சி. கணினியைக் கையாளத் தெரியாது தடுமாறும் டானியலுக்கு ஆன் என்னும் உத்தியோகத்தர் அருகே வந்து உதவுகிறாள். மேலதிகாரி அவளை அழைத்துக் கண்டிக்கிறார். இவ்வாறு உதவினால் பிறரும் எதிர்பார்ப்பராம்.