நட்சத்திரமும் இரசிகனும்: தமிழ்ச் சினிமாப் புகழின் மாற்றம் பற்றி ஒரு நோக்கு

கலைஞனின் புகழ் அவனது ஆற்றலால் மட்டும் உருவாவதன்று. அவன் எக்கருவியின் வழியாக மக்களைச் சென்றடைகிறான், அம்மக்கள் எவ்வாறு ஒன்றுகூடுகின்றனர் என்பனவும் அதனைத் தீர்மானிக்கின்றன. தமிழ்ச் சினிமாவின் நட்சத்திரப் புகழ் அண்மைக்காலத்தில் அடைந்துள்ள மாற்றத்தை இவ்வடிப்படையிலேயே நோக்குதல் வேண்டும்.

1931இல் 'காளிதாஸ்' வெளிவந்து திரை பேசத் தொடங்கியபோது, நாடக மேடையின் பாடகனே திரையின் நாயகனுமானான். எம். கே. தியாகராஜ பாகவதரின் புகழ் பெரிதும் அவரது குரலின் புகழே. அவர் நடித்து 1944இல் வெளிவந்த 'ஹரிதாஸ்' சென்னையில் ஒரே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. பின்னணிப் பாடல் முறை நிலைபெற்றதும் குரல் உடலிலிருந்து பிரிந்தது. பாட்டின் இடத்தைப் பாத்திரத்தின் பண்பு பெற்றது. அப்பண்பு நடிகனின் பண்பாகவே கொள்ளப்பட்டது. கண்டியில் பிறந்த எம். ஜி. ஆர். இதற்குத் தலையாய சான்று. ஏழைபங்காளனாகத் திரையில் அவர் ஈட்டிய நம்பிக்கை இரசிகர் மன்றங்களில் அமைப்புருப் பெற்று, 1972இல் தனிக் கட்சியாகவும் 1977இல் ஆட்சியாகவும் வடிவங்கொண்டது.

தமிழர் அனைவரும் முதன்முதலில் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த கலையரங்கு சினிமாக் கொட்டகையே எனப் பேராசிரியர் கா. சிவத்தம்பி கூறியமை இங்கு நினைவுகூரத்தக்கது. அங்கு இருக்கையைத் தீர்மானித்தது கொடுக்கும் காசேயன்றிப் பிறப்பன்று. நட்சத்திரம் எட்டாத் தொலைவில் இருந்தான். இரசிகர்களோ ஒருவருக்கொருவர் அருகில் இருந்தனர். இவ்விரண்டும் சேர்ந்தே பழைய புகழை ஆக்கின.

இன்று இவ்வுறவு தலைகீழாகியுள்ளது. 2011இல் தனுஷ் பாடிய 'கொலவெறி' பாடல், படம் வெளிவருமுன்னரே யூரியூப் வழியாக உலகெங்கும் பரவியது. 'மாரி 2' படத்தின் 'ரௌடி பேபி' பாடல் 2020இல் நூறு கோடி பார்வைகளைக் கடந்தது. அதே ஆண்டு, கொள்ளைநோயினால் திரையரங்குகள் மூடப்பட்டிருந்தபோது, 'பொன்மகள் வந்தாள்' நேரடியாக அமேசன் பிரைமில் வெளியாயிற்று. தமிழகத் திரையரங்கு உரிமையாளர்கள் கடுமையாக எதிர்த்தும் பயனில்லை. கைத்தொலைபேசியில் நட்சத்திரம் உள்ளங்கைக்கு வந்துவிட்டான். அருகிலிருந்த இரசிகனோ மறைந்துவிட்டான். அவன் இருந்த இடத்தில் எண்ணிக்கை ஒன்றே எஞ்சியுள்ளது.

இதனை வெறும் வீழ்ச்சி எனப் புலம்புவது வரலாற்று நோக்காகாது. பழைய முறையிலும் ஏழை இரசிகனின் காசும் உழைப்புமே நட்சத்திரத்தின் மூலதனமாயின. புதிய கருவியோ மூடியிருந்த கதவுகள் சிலவற்றைத் திறந்துள்ளது. 2021இல் யொஹானியும் சதீஷனும் பாடிய 'மெனிகே மகே ஹிதே' என்னும் சிங்களப் பாடல், பெரும் படநிறுவனம் எதன் துணையுமின்றி, மொழி தெரியாத இந்திய மக்களிடையே பரவியது. முன்னர் இத்தகைய பரவலை எண்ணிப்பார்த்தலும் அரிது.

ஆயினும் கதவைத் திறந்தவர்கள் யார் என்னும் வினா எஞ்சுகின்றது. எப்பாடல் யார் கண்ணிற் படவேண்டும் என்பதை ஒரு சில நிறுவனங்களின் கணக்கீடுகளே பெரிதும் வரையறுக்கின்றன. முன்னர் இரசிகன் நுழைவுச்சீட்டை வாங்கினான். இன்று அவனது கவனமே விளம்பரதாரருக்கு விற்கப்படும் பண்டமாகிவிட்டது. இரவிரவாகக் கண்விழித்துத் தன் நாயகனின் பார்வைக் கணக்கை உயர்த்தும் இளைஞன், கூலியின்றி உழைப்பதை அறியாமலே உழைக்கின்றான்.

பழைய வடிவம் முற்றாக மறைந்துவிட்டதெனவும் கூறுதற்கில்லை. அஜித் 2011இல் தமது மன்றங்களைக் கலைத்தார். அவருக்காக இணையத்தில் வாதிடுவோர் குறையவில்லை. விஜய் தமது மன்றங்களை 2009இல் மக்கள் இயக்கமாக்கி, 2024இல் கட்சி தொடங்கினார். 2025 செப்டெம்பரில் கரூரில் அவரைக் காணத் திரண்ட கூட்டத்தின் நெரிசலில் 41 பேர் உயிரிழந்தனர். உள்ளங்கையிற் கிடைத்த உருவம் நேரிற் காணும் வேட்கையைத் தணிக்கவில்லை என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டியதில்லை.

எனவே, நட்சத்திரத்தின் பிம்பத்தை மாத்திரம் ஆராய்வது விமர்சனத்திற்கு இனிப் போதாது. அவனை அளக்கும் அளவுகோலையும் அது ஆராய்தல் வேண்டும். எத்தனைபேர் பார்த்தனர் என்பது செய்தி. எதனைக் கண்டனர், அதனால் என்ன பெற்றனர் என்பதே விமர்சனம். முன்னதே பின்னதற்கு விடையாகிவிடும் நாளில், கலையை மதிப்பிடும் உரிமையை மக்கள் தாமறியாமலே இழந்திருப்பர்.