மின்பதிப்பும் கேட்டுக் கற்போரும்

பழந்தமிழ் நூல்கள் இணையத்தில் ஏறத் தொடங்கிக் கால் நூற்றாண்டிற்கு மேலாகின்றது. மதுரைத் திட்டம் 1998-இல் தோன்றியது. அதன்பின் எழுந்த மின்பதிப்புக்கள் பல. அவற்றின் பாடத் தூய்மையை ஆராய்வார் உளர். கண்பார்வையற்ற மாணவர் அவற்றைப் பயிலுதல் கூடுமோ என வினவுவார் அரியர். அவ்வினாவே ஈண்டு எம் ஆராய்ச்சிக்குரியது. பாடங்கேட்டல் என்பது நம் கல்வி மரபு; அந்தகக்கவி வீரராகவ முதலியார் கேட்டுக் கற்றே புலவராயினார். ஆதலின் இவ்வினா நம் துறைக்குப் புறம்பானதன்று.

பார்வையற்றோர் திரைபடிப்பான் என்னும் மென்பொருளின் துணையாற் கணினியைப் பயில்வர். அது திரையிலுள்ள எழுத்தை ஒலியாக்கும். ஆயின், எழுத்தின் உருவை அது நோக்குவதில்லை. உருவின் பின்னுள்ள குறியீட்டையே நோக்கும். அச்சுப் பக்கத்தைப் படமாகப் பிடித்து ஏற்றிய பதிப்பு, எத்துணைத் தெளிவுடையதாயினும், அதற்கு வெற்றுத்தாளே. பழைய எழுத்துருவில் அமைந்த பதிப்போ பெரிதும் மயக்கந் தருவது. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' எனத் தோன்றும் சொல், உள்ளே ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமே. எழுத்துணரிக் கருவியாற் படத்தை எழுத்தாக்கலாமே எனின், ஆம். ஆயின் மங்கிய அச்சில் ஓரெழுத்துப் பிறழ்ந்து வருமாயின், அது கருவியின் பிழையோ நூலின் பாடமோ எனத் துணிதற்குக் கேட்பவரிடம் மூலம் இல்லை.

ஒருங்குறியில் அமைந்தாலே போதும் என்பதும் பொருந்தாது. எம்மிடம் முதுகலை பயின்ற பார்வையற்ற மாணவர் ஒருவர் அகவற்பா ஒன்றைத் திரைபடிப்பான் வழிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்தாம் அடியின் இறுதியில் 'ஐந்து' என்றும், பத்தாம் அடியின் இறுதியில் 'பத்து' என்றும் குரல் ஒலித்தது. ஓரத்தில் இட்ட அடியெண்ணே அது. "ஐயா, இந்த ஐந்து பாட்டில் உள்ளதுதானா?" என்றார். பாடவாராய்ச்சியாளர் எவரும் கேட்கத்தக்க வினா! மூலத்தைத் தடித்த எழுத்தாலும் உரையை மெல்லிய எழுத்தாலும் மட்டும் வேறுபடுத்திய பதிப்பிலும் இதே இடர்ப்பாடு உண்டு. குரலுக்குத் தடிப்பில்லை, மூலமும் உரையும் ஒரே ஓட்டமாய்ச் செல்லும். தலைப்பைத் தலைப்பெனவும், அடிக்குறிப்பைச் சென்று மீளத்தக்க இணைப்பெனவும், அடியெண்ணைப் பாட்டின் புறத்ததெனவும் குறியீட்டிலேயே சுட்டினால் இவ்விடர் நீங்கும். தோற்றத்தால் உணர்த்தும் பொருளைக் குறியீட்டாலும் உணர்த்துக என்பது, 2008-இல் வெளியாகி 2018-இலும் 2023-இலும் விரிவுற்ற வலை உள்ளடக்க அணுகல் நெறிமுறைகளின் கோட்பாடுகளுள் ஒன்று. இதனைக் கணினி வல்லுநர் பணி என ஒதுக்குதல் தவறு. எது மூலம், எது உரை, எது பாடவேறுபாடு என வரையறுக்கும் கடமை பதிப்பாசிரியர்க்கே உரியது.

இனிச் சட்டம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஒலி, அச்சு, மின்னூடகங்களின் உள்ளடக்கம் அனைத்தும் அணுகத்தக்க வடிவில் அமைய அரசு ஆவன செய்தல் வேண்டும் என 42-ஆம் பிரிவிற் பணிக்கின்றது. அணுகல் தரங்களைக் குறித்து 2017-இல் எழுந்த 15-ஆம் விதியின் முதற்கூறோ, வழிகாட்டு நெறிகளைச் சுட்டும் அளவில் நின்றது. உச்சநீதிமன்றம் 2024 நவம்பர் 8-இல் அக்கூறு சட்டத்திற்கு முரணானது எனத் தீர்த்து, கட்டாய விதிகளை மூன்று திங்களுள் வகுக்குமாறு ஆணையிட்டது. 'வேண்டும்' என்னும் மூலத்திற்கு 'ஆகலாம்' என வரைந்த உரை பிழையுரை என்பதே அத்தீர்ப்பின் சாரம் என யாம் கொள்கின்றோம். மின்வழி அணுகலும் அரசமைப்பின் 21-ஆம் உறுப்புத் தரும் வாழ்வுரிமையின்பாற்படும் என 2025 ஏப்ரல் 30-இல் அந்நீதிமன்றமே உரைத்தது. பதிப்புரிமை தடையாகும் என்பார்க்கு விடை எளிது: ஆதாயங் கருதாது இவர்கள் பயிலும் வடிவில் நூலைப் படியெடுத்தல் மீறலன்று என 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறிவிட்டது. சங்க நூல்களின் மூலத்திற்கோ அவ்வுரிமை பேசுவாரே இல்லை.

பிறர் பதிப்பைக் குறைகூறும் யாமும் குற்றம் நீங்கியவரல்லேம். கணினியில் எழுத்தாகவே உருவாகும் முனைவர்ப்பட்ட ஆய்வேட்டை அச்சிட்டு, கையொப்பம் பெற்று, அவ்வச்சினைப் பக்கந்தோறும் படம்பிடித்து ஏற்றுகின்றோம். எம் ஆய்வேடும் அவ்வாறே ஏற்றப்பட்டுள்ளது. மேற்கூறிய மாணவர் அதனைத் திறந்து கேட்டபோது, ஒலித்தவை பக்க எண்கள்கூட அல்ல.