கோப்புக்குள் தமிழ் நுழைந்த வாசல்

நாவலில் நிலம் வந்தால் பக்கம் பக்கமாக விமர்சனம் எழுதுகிறோம். நிலத்தையே கைமாற்றிவிடும் எழுத்தை வக்கீல்களிடமும் சூழலியல்காரர்களிடமும் விட்டுவிட்டோம். சுரங்கத் திட்டத்துக்கான தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் ஒரு பிரதிதான். அதற்கென்று ஒரு சொல்லாடல் இருக்கிறது. 'பாதிப்பு' என்ற சொல் வந்த மறு வரியிலேயே 'தணிப்பு நடவடிக்கை' வந்துவிடும். வினைகள் பெரும்பாலும் செயப்பாட்டு வினைகள்: அகற்றப்படும், நடப்படும், வழங்கப்படும். அகற்றுகிறவன் யார், வழங்குகிறவன் யார் என்பது வாக்கியத்தில் இருக்காது. எழுவாயே இல்லாத இந்த எழுத்துக்குள் ஆடு மேய்க்கிறவள் எங்கே நிற்பாள்?

எரியோட்டிலிருந்து திண்டுக்கல், நத்தம் தாண்டிப் போனால் மேலூர்ப் பக்கம். அங்கே 'நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி' என்று 2015.51 ஹெக்டேரைக் கோடு போட்டு எடுத்தார்கள். முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை 2023ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் மத்திய அரசிடம் கொடுத்திருந்தது. 2024 நவம்பர் 7இல் வேதாந்தா குழுமத்தின் இந்துஸ்தான் ஜிங்க் ஏலத்தில் தேர்வானதாக அறிவித்தார்கள். அதுக்கப்புறம் நடந்தது தெரிந்த கதை. கிராம சபைத் தீர்மானங்கள், டிசம்பர் 9இல் சட்டமன்றத் தீர்மானம், 2025 ஜனவரி 7இல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்குப் பேரணி, ஜனவரி 23இல் ஏலம் ரத்து. ஜெயித்தது சனங்கள்தான், அதில் சந்தேகம் வேண்டாம்.

ஆனால் ரத்து அறிவிப்பை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அதில் காரணமாக முன்னுக்கு வருபவை பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமும் பண்பாட்டுச் சின்னங்களும். அரிட்டாபட்டியில் தமிழிக் கல்வெட்டு உண்டு, சமணர் படுகை உண்டு, பாண்டியர் குடைவரை உண்டு. 2022இல் அறிவிக்கப்பட்ட பாரம்பரியத் தலத்தின் பரப்பு 193.42 ஹெக்டேர். தொகுதியின் மொத்தப் பரப்போடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 2024 டிசம்பர் 24இல் சுரங்க அமைச்சகம் என்ன சொன்னது? அந்தத் தலத்தை விட்டுவிட்டு எல்லையை மாற்றி வரைய முடியுமா என்று பார்க்கும்படி இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைக் கேட்டது. கல்வெட்டை நீங்க வச்சுக்குங்க, மிச்ச ஒன்பது பங்கை நாங்க பாத்துக்கிறோம் என்பதுதான் அதன் பொருள். சனங்கள் அதற்கும் மசியாததால்தான் ஒரு மாதம் கழித்து முழு ரத்து வந்தது.

நான் எரியோட்டுக்காரன். எங்களுக்குக் கடலைக்காடும் மானாவாரியும்தான். கல்வெட்டு இல்லாத ஊர் எந்தப் பெருமையைச் சொல்லித் தன்னைக் காப்பாத்திக்கும்? தொன்மை இருந்தால்தான் நிலத்துக்கு மதிப்பு என்ற கதையாடலை வளர்த்ததில் தமிழ்த்துறைகளுக்கும் பங்குண்டு. ஈராயிரம் வருசத்துக் கல்லைக் கேட்கத் தெரிந்தவர்களுக்கு இந்த வருசத்து வெள்ளாமையைக் கேட்கத் தெரியவில்லை.

'கேட்பு' என்ற சொல்லுக்கு வருகிறேன். 1994இல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் 1997இல்தான் மக்கள் கருத்துக்கேட்பு கட்டாயமானது. 2006 செப்டம்பர் 14 அறிவிக்கை அதன் நடைமுறையை விரித்துச் சொன்னது. குறைந்தது முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியில் வேண்டும். பேசியவற்றின் சுருக்கத்தைக் கூட்ட முடிவில் மக்களுக்கு அவர்கள் மொழியில் விளக்கிப் படிக்க வேண்டும், ஆட்சியர் கையெழுத்துப் போட வேண்டும். இத்தனை பேர் வந்தாக வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் இல்லை. ஓட்டெடுப்பும் கிடையாது. எல்லாம் தயாரான பிறகு கடைசியில் நடக்கிற சடங்கு என்று தோழர்கள் சொல்வார்கள். சடங்குதான். ஆனாலும் தமிழில் கேட்பது என்பது காது கொடுப்பது மட்டுமில்லையே. "நாலு பேரு முன்னாடி கேட்டுப்புட்டாண்டா" என்றால் பதில் சொல்ல வைத்துவிட்டான் என்று அர்த்தம். ஆங்கிலத்திலேயே புரளும் ஒரு கோப்புக்குள், சொந்த வாயால் பேசிய தமிழ் பதிவாகி நுழைவது அந்த ஒரு வாசல் வழியாகத்தான். 2020இல் புதிய அறிவிக்கையின் வரைவை 22 மொழிகளில் வெளியிடச் சொன்னது தில்லி உயர் நீதிமன்றம். அதை எதிர்த்து மத்திய அரசு உச்ச நீதிமன்றம்வரை போனது. மொழிபெயர்ப்பைப் பார்த்து ஒரு அரசு ஏன் இவ்வளவு மிரள வேண்டும்?

கேட்பு நடந்தால் திட்டம் நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் டெக் நிறுவனம் 'ஃப்ரண்டியர்' என்ற எண்ணெய் மணல் சுரங்கத்துக்கு 2011இல் விண்ணப்பித்தது. நாளொன்றுக்கு 2,60,000 பீப்பாய் எடுக்கும் திட்டம். 2018இல் விசாரணை நடந்தது. பூர்வகுடிகளின் உரிமைகளுக்குக் கணிசமான பாதிப்பு உண்டு என்று 2019இல் ஆய்வுக் குழுவே எழுதியது. எழுதிவிட்டு, பொதுநலன் கருதி அனுமதிக்கலாம் என்றும் அதே கையால் எழுதியது! கடைசியில் 2020 பிப்ரவரியில் நிறுவனமே விலகிக்கொண்டது. ஆனாலும் பாதிப்பு உண்டு என்ற வரி அந்தப் பிரதியில் இருக்கிறது. அதை இனி யாரும் அழிக்க முடியாது.

இங்கே அந்த வரி எழுதப்படுவதற்கான இடத்தையே எடுத்துவிட்டார்கள். அணுக் கனிமங்கள், முக்கியக் கனிமங்கள் தொடர்பான சுரங்கத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு என்று 2025 செப்டம்பர் 8 தேதியிட்ட சுற்றுச்சூழல் அமைச்சகக் குறிப்பாணை சொன்னது. டங்ஸ்டனும் அந்தப் பட்டியலில் உள்ள கனிமம்தான். மேலூர் ஜெயித்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. குறிப்பாணையைத் திரும்பப் பெறச் சொல்லித் தமிழக முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். நம் சிற்றிதழ்களில் இது ஒரு மொழிப் பிரச்சினையாகப் பேசப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

1997க்குப் பிறகு தமிழ்நாட்டில் நடந்த கேட்புக் கூட்டங்களின் பதிவுகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போன கோப்புகளில் இருக்கின்றன. யார் பேசியது எப்படிச் சுருக்கப்பட்டது, எந்த வசவு 'ஆட்சேபணை' ஆனது, எந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை என்று உட்கார்ந்து வாசிக்க வேண்டும். திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்று நினைக்கிறேன். கூட வருகிறவர்கள் எழுதுங்கள்.