ஒறுத்தலும் அலைத்தலும்: தண்டனைக்கும் சித்திரவதைக்கும் குறள் வகுக்கும் எல்லை

முன்னுரை

தண்டனை, சித்திரவதை ஆகிய இரண்டும் துன்பம் தருவன. இரண்டையும் செய்வது பெரும்பாலும் அதிகாரம் உடையோரே. அவ்வாறாயின் ஒன்றை முறை என ஏற்கவும் மற்றொன்றைக் கொடுமை என விலக்கவும் அடிப்படை யாது? துன்பத்தின் மிகுதியே வேறுபாடு என்பது பொதுவாகத் தரப்படும் விடை. அவ்விடை போதாது என்பதையும், திருக்குறளின் செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை ஆகிய மூன்று அதிகாரங்களும் (55–57) வேறோர் அளவுகோலைத் தருகின்றன என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

அடுத்தடுத்த இரு குறள்கள்

செங்கோன்மையின் இறுதிக் குறள் (550), வேந்தன் கொடியவரை ஒறுப்பதைப் பயிரைக் காக்கக் களை எடுப்பதற்கு ஒப்பிடுகிறது. பரிமேலழகர் இதனைக் கொலைத் தண்டமாகவே கொள்கிறார். அடுத்து வரும் கொடுங்கோன்மையின் முதற்குறள் (551), குடிகளை அலைத்தலை மேற்கொண்ட வேந்தன் கொலைஞரினும் கொடியன் என்கிறது. வெவ்வேறு அதிகாரத்தின என்று தனித்தனியே பயிலப்படுவதால் இவ்விரு குறள்களின் எதிர்நிலை போதிய கவனம் பெறுவதில்லை. பரிமேலழகர் கொள்ளும் பொருளில், உயிரைப் பறிக்கும் ஒறுத்தல் வேந்தனின் கடமையுள் அடங்குகிறது. உயிரை விட்டுவைக்கும் அலைத்தலோ கொலையினும் கொடிதாகிறது. எனவே, துன்பத்தின் அளவு இங்கு அளவுகோல் அன்று. கொலையின் துன்பம் ஒருமுறையோடு முடிகிறது, அலைத்தலின் துன்பம் ஓய்வதில்லை என்று பரிமேலழகர் காட்டும் காரணம், வேறுபாடு ‘எல்லை’யில் உள்ளது என்பதற்கு முதற்குறிப்பாக அமைகிறது.

ஆராய்தலும் அளவும்

ஒறுத்தலை முறையாக்குவன இரண்டு. முதலாவது, ஆராய்தல். செங்கோன்மையின் முதற்குறளும் (541) வெருவந்த செய்யாமையின் முதற்குறளும் (561) ஆராய்ச்சியையே முன்வைக்கின்றன. இரண்டாவது, அளவு. தண்டம் குற்றத்துக்கு ஒத்ததாக இருத்தல் வேண்டும் என்பது 561ஆம் குறளின் கருத்து. அளவு கடந்த தண்டம் வேந்தனின் வலிமையையே அரத்தைப் போலத் தேய்த்துவிடும் என்பது 567ஆம் குறளின் கருத்து.

இவ்விரண்டையும் இணைத்துக் காணின் வேறுபாடு துலங்கும். தண்டனை, ஆராய்ச்சி முடிந்த பின்னர்த் தொடங்குகிறது. தொடங்கும் முன்னரே அதன் எல்லை குறிக்கப்பட்டுவிடுகிறது. சித்திரவதையோ ஆராய்ச்சியின் இடத்தைத் தானே எடுத்துக்கொள்கிறது. துன்புறுபவர் பணியும் வரை அதற்கு எல்லை இல்லை. ஒப்புக்கொள்ள ஏதுமற்ற நிரபராதிக்கு அதனை முடித்துவைக்கும் வழி பொய் ஒன்றே. தண்டிக்கப்படுபவர் தம் செயலுக்குப் பொறுப்புடைய மனிதராக நிறுத்தப்படுகிறார். வதைக்கப்படுபவரின் உடல் அவருக்கே எதிரான கருவியாக்கப்படுகிறது.

வரலாற்றுச் சான்று

கோலோடு நின்று பொருள் கேட்கும் அரசனை, வேலோடு வழிமறிக்கும் கள்வனோடு ஒப்பிடுகிறது 552ஆம் குறள். சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணை ஆணையம் 1855இல் அளித்த அறிக்கை, இவ்வுவமைக்கு வரலாற்றுச் சான்றாகத் திகழ்கிறது. நிலவரி தண்டவும் குற்ற ஒப்புதல் பெறவும் உடல்வதை கையாளப்பட்டதை அது பதிவுசெய்தது. கிட்டி, அண்ணாந்தாள் ஆகிய தமிழ்ப் பெயர்கள் அவ்வறிக்கையில் இடம்பெற்றன. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், ஒப்புதலுக்காகக் காவலர் வதைப்பதையும் நிலுவைக்காக வருவாய் அலுவலர் வதைப்பதையும் 330ஆம் பிரிவின் எடுத்துக்காட்டுகளாகவே தந்தது.

இதே அண்ணாந்தாள் திண்ணைப் பள்ளிகளில் ‘தண்டனை’ எனப்பட்டது. ஆகவே, பெயர் ஒரு செயலின் அறத்தை உறுதிசெய்வதில்லை. 1984ஆம் ஆண்டின் சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையும் இச்சிக்கலை முழுதும் தீர்க்கவில்லை. சட்டப்படியான தண்டனைகளால் மட்டுமே எழும் துன்பத்தை அது சித்திரவதை என்னும் வரையறையிலிருந்து விலக்குகிறது. சட்டமே கொடியதாயின் என் செய்வது என்னும் வினா எஞ்சுகிறது. குறள் இவ்விடத்தில் ஒரு படி மேற்செல்கிறது. ஆராய்ந்து அளித்த தண்டமும் அளவு கடந்தால் குடிகள் அஞ்சத்தக்க செயலாகிவிடும் என்பதற்காகவே கொடுங்கோன்மையை அடுத்து வெருவந்த செய்யாமை தனி அதிகாரமாக வைக்கப்பட்டது எனக் கருத இடமுண்டு.

எனினும், ஒரு வரம்பைச் சுட்டுதல் வேண்டும். குறள் வேந்தனை நோக்கியே பேசுகிறது; அலைக்கப்பட்டவர் முறையிடும் வழியை அது வகுக்கவில்லை. அவர் சிந்தும் கண்ணீர் ஆட்சியின் செல்வத்தைத் தேய்க்கும் (555) என்னும் எச்சரிக்கையோடு அது அமைகிறது.

முடிவுரை

மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’ என்னும் நூல் திரைப்படமானபோது ‘விசாரணை’ (2015) எனப் பெயர் பெற்றது. காவல் நிலைய அடியைக் குறிக்க அச்சொல்லே போதும் என்னும் அளவுக்கு அதன் பொருள் திரிந்துள்ளது. ஒறுத்தலுக்கு முன்நிபந்தனையாகக் குறள் வைத்த ஆராய்ச்சியின் பெயரே அலைத்தலின் பெயராகிவிட்டது. ஐ.நா. உடன்படிக்கையில் 1997இல் ஒப்பமிட்ட இந்தியா இன்னும் ஏற்புறுதி வழங்காத நிலையில், இவ்வேறுபாட்டை மீட்டெடுப்பது உரைநூற் பயிற்சியோடு முடிந்துவிடும் பணி அன்று. குற்றவாளிதானே என்று காவல் வதையை ஏற்கும் பொதுமனத்துக்குக் குறள் வழியே கூறத்தக்க விடை இதுவே: ஆராயும் முன்னர் அங்குக் குற்றவாளி என எவரும் இல்லை, ஆராய்ந்த பின்னரும் அளவற்ற துன்பத்துக்கு உரியவர் எவரும் இல்லை.