தாய் வீடு எத்தனை அடி தூரம்?

இலங்கையில் பாடசாலை மணி காலை ஏழரைக்கு அடிக்கும். மட்டக்களப்பு அமிர்தகழியில் இரண்டு சின்னப் பிள்ளைகளை வைத்திருக்கும் ஒரு தாய்க்கு, ஐந்து மணிக்கும் ஏழேகாலுக்கும் இடையில்தான் நாளின் பாரமான பகுதி. முற்றத்து மணலைக் கூட்ட வேண்டும். கிணற்றடியில் பிள்ளைகளைக் குளிக்க வார்க்க வேண்டும். வெள்ளைச் சீருடையை மடிப்புக் கலையாமல் போட்டுவிட வேண்டும். பிட்டு அவிக்க வேண்டும், இடைவேளைக்குச் சாப்பாட்டுப் பெட்டியும் கட்ட வேண்டும். இதை ஒருத்தி தனியே செய்து முடிப்பது கடினம். இங்கே பெரும்பாலான வீடுகளில் அவள் தனியே செய்வதுமில்லை.

மாமாங்கேஸ்வரர் கோயிலைச் சுற்றியுள்ள பழைய வளவுகளைப் பார்த்தால் காரணம் தெரியும். முன்னால் மகளின் கல்வீடு, பின்னால் தாயும் தகப்பனும் இருக்கும் சின்ன வீடு, பக்கத்து வளவில் தங்கச்சியின் வீடு. நடுவில் வேலி இருந்தாலும் அதில் ஒரு கடப்பு விட்டிருப்பார்கள். காலையில் மூத்தவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது இளையவன் சாப்பிட மாட்டேன் என்று அழுதால், பின் வீட்டிலிருந்து குரல் வரும்: “இஞ்ச வா மனே, அம்மம்மா தீத்திவிடுறன்.” பிள்ளை அந்தக் கடப்பால் ஓடிவிடும். தாய்க்குக் கால் மணித்தியாலம் மிச்சம். காலை நேரத்தில் கால் மணித்தியாலம் எவ்வளவு பெரியது என்பது பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

மட்டக்களப்பில் கலியாணம் முடித்த ஆண்தான் பெண் வீட்டுக்கு வருவான். வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகப் போகும். மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்த பெற்றோர், அடுத்தவளுக்கென்று பக்கத்திலேயே இன்னொரு வீடு கட்டத் தொடங்குவார்கள். தாய்வழிக் குடி முறையும் முக்குவர் சட்டம் என்ற வழமைச் சட்டமும் வளர்ந்த மண் இது. 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தோடு முக்குவர் சட்டத்தின் ஆட்சி முடிந்தது. சீதன வீடு மட்டும் நின்றுவிட்டது. காத்தான்குடி முஸ்லிம் குடும்பங்களிலும் இதே ஒழுங்குதான். ஆய்வாளர்கள் இதைச் சொத்துரிமை என்றும் குடிமரபு என்றும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இது முதலில் பிள்ளை பராமரிப்பு ஏற்பாடாகவே தெரிகிறது. ஒரு பெண்ணுக்கு அவளுடைய தாயையும் சகோதரிகளையும் கூப்பிடு தூரத்தில் வைத்துக் கொடுக்கும் ஏற்பாடு.

தமிழ்நாட்டில் பெரும்பாலும் நிலைமை தலைகீழ். பெண் புகுந்த வீட்டுக்குப் போகிறாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடக்கும்; மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையோடு கணவன் வீட்டுக்கு அனுப்பிவைப்பார்கள். குழந்தை தவழ்ந்து, எழுந்து, அடம்பிடித்து, பள்ளிக்குப் போகும் ஆண்டுகள் முழுவதும் தாய் வீடு ஒரு பேருந்துப் பயணத்துக்கு அப்பால் இருக்கும். மாமியார் உதவுகிற வீடுகள் நிறைய உண்டு. ஆனால் தாயிடம் “கொஞ்சம் பிடி அம்மா” என்று குழந்தையை நீட்டுவதுபோல மாமியாரிடம் நீட்ட எல்லா மருமகளுக்கும் வாய்ப்பதில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குத் தென் மாவட்டங்களிலிருந்து வந்து வாடகை வீட்டில் குடியிருக்கும் இணைகளுக்கு இரண்டு தாய்களுமே தூரம். ஆனால் காயல்பட்டினத்து முஸ்லிம் குடும்பங்களில் மகள் தாய் வீட்டிலேயே இருப்பாள். அமிர்தகழிக்காரி அங்கே போனால் வேற்றூர் என்று உணர மாட்டாள்.

சமையலிலேயே இந்த வேறுபாடு கிடக்கிறது. இட்லி மாவைத் தமிழ்நாட்டுத் தாய் ஞாயிற்றுக்கிழமை கிரைண்டரில் அரைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுவாள், இல்லையென்றால் கடையில் பாக்கெட் மாவு வாங்குவாள். காலையில் தட்டில் ஊற்றி அடுப்பில் ஏற்றிவிட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டப் போகலாம். இட்லி தன்பாட்டில் வேகும். பிட்டு அப்படிப்பட்டதல்ல. வறுத்த அரிசிமாவில் சுடுதண்ணீரை அளவாகத் தெளித்துக் குழைத்து, கொத்தி, தேங்காய்ப்பூவோடு அவிக்கும்வரை கை அங்கேயே இருக்க வேண்டும். இடியப்பம் பிழிவதும், அதற்குப் பால் பிழிந்து சொதி வைப்பதும் அதைவிட வேலை. வீட்டில் இரண்டாவது பெண் ஒருத்தி இருக்கும் நம்பிக்கையில் உருவான சாப்பாடு இது என்று நினைக்கிறேன். அந்த இரண்டாவது கை இல்லாத நாளில்தான் எங்கள் வீடுகளில் பாணும் சம்பலும். பாலிலும் வேறுபாடு உண்டு. அங்கே விடியுமுன் ஆவின் பாக்கெட் வரும். இங்கே பால்மாவைக் கரைப்போம். 2022 பொருளாதார நெருக்கடியில் அதற்கும் வரிசையில் நின்றோம்.

ஒன்றில் நாங்கள் கொடுத்துவைத்தவர்கள்: தண்ணீர். வளவுக்குள்ளேயே கிணறு இருக்கும் தாய், குழாயில் தண்ணீர் விடும் நேரத்துக்குக் குடத்தோடு காத்திருக்கும் சென்னைத் தாயின் பாட்டை அறிய மாட்டாள். ஆனால் தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் நிறச் சீருடைக்கு நாங்கள் பொறாமைப்படலாம். வெள்ளைச் சட்டையை நாள்தோறும் தோய்த்து, நீலம் போட்டு, காயவைத்து, மழை மாதங்களில் அடுப்படியில் உலர்த்தி எடுப்பவளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஆண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மட்டக்களப்பில் மருமகன் மரியாதைக்குரிய ஆள். வீட்டில் பெண்கள் பலர் இருப்பதால் பிள்ளையைக் குளிப்பாட்டும் வேலை அவன்வரை வருவதேயில்லை. வாவியில் மீன் பிடித்துவிட்டு விடியற்காலை வருகிறவனுக்கு அதில் நியாயம் உண்டு. அலுவலகம் போகிறவனுக்கு இல்லை. திருப்பூரில் மனைவிக்கும் காலை ஷிப்ட் என்றால் கணவன் குழந்தைக்குத் தலை சீவியே ஆக வேண்டும். அந்தக் கட்டாயம் இங்கேயும் வரட்டும் என்றே விரும்புகிறேன்.

தாய் வீடு கைகொடுக்காத இடத்தில் தமிழ்நாட்டில் அரசு கை நீட்டியது. 1975இல் இந்திய அரசு தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அங்கன்வாடிகளைக் கொண்டுவந்தது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் அந்தச் சின்னக் குழந்தைகளின் தட்டுக்கும் சாப்பாட்டைக் கொண்டுசேர்த்தது. இன்று மாநிலத்தில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. மதியச் சாப்பாடும் வாரத்தில் மூன்று முட்டையும் கிடைக்கும். பிள்ளை அங்கேயே பாயில் படுத்துத் தூங்கியும் எழும்பும். 2022 செப்டம்பர் 15ஆம் திகதி மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், அடுத்த ஆண்டே மாநிலம் முழுவதும் அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. பொங்கல், உப்புமா, கிச்சடி என்று மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள். ஒரு தாயின் காலையிலிருந்து ஒரு சமையலையே அரசு தூக்கிக்கொண்டது. பிள்ளையின் பசியைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். தாயின் நேரத்தைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

எங்கள் அரசும் ஒன்றும் செய்யாமல் இல்லை. கருவுற்ற நாளிலிருந்து மருத்துவிச்சி வீடு தேடி வந்து பார்ப்பார், கிளினிக்கில் எடை நிறுப்பார்கள், மெலிந்த பிள்ளைக்குத் திரிபோஷா சத்துமா கொடுப்பார்கள். அதில் இலங்கைக்கு நல்ல பெயர் உண்டு. பிள்ளை வளர வளர இந்தக் கை தளர்ந்துவிடுகிறது. முன்பள்ளி நண்பகலுக்கு முன்பே விட்டுவிடும். முதலாம், இரண்டாம் தரப் பிள்ளைகளும் அந்நேரமே வீடு வந்துவிடுவார்கள். மிச்ச நாள் முழுவதற்கும் நாடு மறைமுகமாக அம்மம்மாவைத்தான் நம்பியிருக்கிறது.

அந்த அம்மம்மா இன்னும் கடப்புக்கு அப்பால் இருக்கிறாரா? 2004 சுனாமி மட்டக்களப்பு நாவலடியை அழித்தது. தப்பியவர்களைத் திராய்மடுவில் குடியேற்றினார்கள். கிழக்கில் கட்டிக் கொடுத்த புதிய வீடுகள் பலவற்றின் உறுதி, குடும்பத் தலைவர் என்ற கணக்கில் கணவனின் பெயரில் எழுதப்பட்டது. காலங்காலமாகப் பெண்ணின் பெயரில் வந்த வீடு ஒரு படிவத்தின் ஒரு வரியால் கைமாறியதை மட்டக்களப்புப் பெண்கள் அமைப்புகள் அப்போதே எதிர்த்தன. இன்னொரு பக்கம் மத்திய கிழக்கு. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் வீட்டுப் பணிப்பெண்ணாகப் போகக்கூடாது என்று 2013இல் விதி போட்டார்கள், பிறகு தளர்த்தினார்கள். தாய் போன வீட்டில் அறுபது வயது அம்மம்மா மறுபடியும் ஐந்து மணிக்கு எழும்பி, தன் இரண்டாவது பிள்ளை வளர்ப்பைச் செய்கிறார். அவருக்குப் பின்னால் இன்னொரு வீடு இல்லை, குரல் கொடுக்க ஒருவரும் இல்லை.

முன்பள்ளியைப் பிற்பகல் இரண்டு மணிவரை நடத்தி, மதியம் ஒரு வேளை சோறு கொடுக்கலாம். சமையலுக்கு அந்தந்த ஊர் மாதர் சங்கங்கள் இருக்கின்றன, தமிழ்நாட்டின் அனுபவம் கண்முன்னே இருக்கிறது. ஆசிரியைகளுக்கு இன்று கொடுக்கும் சொற்பக் கொடுப்பனவை வைத்துக்கொண்டு இதைக் கேட்க முடியாது; முதலில் அவர்களுக்கு ஒழுங்கான சம்பளம் வேண்டும். வீட்டுத் திட்டம் வரும்போது உறுதியைப் பெண்ணின் பெயரில் எழுதுவதற்குப் பணம்கூடத் தேவையில்லை. பிரதேச செயலகத்தில் படிவம் நிரப்பும்போதே செய்துவிடலாம்.